ஒரே பேரேடும் பல அலுவலகங்களும்: இணைநிலை நிரலாக்கத்தின் இரு முறைகளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீத்திறன் கணினிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருபவன் நான். கணினியின் விலை எத்தனை கோடி, அதன் வேகம் (நொடிக்குப் போடும் கணக்குகளின் எண்ணிக்கை) எத்தனை பெட்டாஃபிளாப்ஸ், உலக வரிசையில் அதற்கு எந்த இடம் என்பவை அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தக் கணினிக்குள் ஓடப்போகும் நிரலை யார் எழுதுவார்கள், எந்த முறையில் எழுதுவார்கள், அதற்கு நம் மாணவர்களை நாம் ஆயத்தப்படுத்தியிருக்கிறோமா என்ற கேள்விகள் மட்டும் எழுவதே இல்லை. பொறியியல் கல்லூரிகளில் 20 ஆண்டுகளுக்கு மேல் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

என் கவலை இதுதான். ஒரே வேலையைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டு ஒரே நேரத்தில் செய்விக்கும் இணைநிலை நிரலாக்கத்தில் பகிர்வு நினைவக முறை, பரவல் நினைவக முறை என்று இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் நாம் தனித்தனி அலகுகளாக, தனித்தனி ஆய்வகப் பயிற்சிகளாகக் கற்பித்து, தனித்தனித் தேர்வு வினாக்களுடன் முடித்துவிடுகிறோம். ஆனால் இன்றைய மீத்திறன் கணினி எதுவாயினும் அது இரண்டையும் ஒரே உடலில் கொண்டது. இரண்டையும் ஒரே நிரலில் சேர்த்து எழுதத் தெரியாமல் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர், நீச்சலைக் கரையில் கை வேறாகவும் கால் வேறாகவும் பழகிவிட்டு ஆற்றில் இறங்குபவரைப் போன்றவர்.

இது தமிழகத்துக்குத் தொலைவான செய்தியும் அன்று. 2015ஆம் ஆண்டு ரூ.4,500 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின்கீழ், 2022ஆம் ஆண்டு மே மாதம் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃபிளாப்ஸ் (ஆயிரம் டெரா ஒரு பெட்டா) திறன் கொண்ட ஒரு கணினி ரூ.19 கோடியில் நிறுவப்பட்டது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் பரம் வரிசையில் வந்த அதற்குப் ‘பரம் பொருள்’ என்று பெயரிட்டிருப்பதை முதன்முதலாகப் படித்தபோது நான் மகிழ்ந்தேன். பெயரில் தமிழ் இருப்பது நல்லதுதான். அந்தக் கணினியை முழுமையாக வேலைவாங்கும் நிரல்களை எழுதத் தெரிந்த தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் உருவாவது அதைவிட நல்லது.

துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக இரு முறைகளையும் முதலில் விளக்கிவிடுகிறேன். ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு பேரேடு இருக்கிறது, அதைச் சுற்றிப் பல எழுத்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். யார் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். ஒருவர் எழுதியது மற்றவருக்கு உடனே தெரியும். எந்தத் தகவலையும் யாரும் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பகிர்வு நினைவக முறை இதுதான். அந்த எழுத்தர்களைக் கணினித் துறையில் த்ரெட் என்கிறோம், தமிழில் இழை. ஒரே நிலுவைத் தொகையை இரண்டு எழுத்தர்கள் ஒரே நேரத்தில் படித்து, ஆளுக்கொரு தொகையைக் கூட்டி, ஒருவர் எழுதியதன் மேலேயே மற்றவர் எழுதிவிட்டால் கணக்கு தவறும். இம்முறையில் நேரும் மிகக் கொடிய பிழை இதுவே. நூறு முறை ஓட்டினால் தொண்ணூற்றொன்பது முறை விடை சரியாக வரும் என்பதால் கண்டுபிடிப்பதற்கும் அரியது. இம்முறையில் எழுத இன்று பெரிதும் பயன்படுவது ஓப்பன் எம்.பி. என்னும் தரநிலை. ஃபோர்ட்ரான் மொழிக்கு 1997இலும், சி, சி++ மொழிகளுக்கு 1998இலும் அது வெளிவந்தது.

மற்றொரு முறையில் அலுவலகங்கள் பல. ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் தனிப் பேரேடு, தனி எழுத்தர். பக்கத்துத் தாலுகாவின் கணக்கு வேண்டுமென்றால் கடிதம் எழுதிக் கேட்டுப் பெற வேண்டும்; அங்குள்ள பேரேட்டைப் பார்க்க இங்குள்ளவருக்கு வழியே இல்லை. பரவல் நினைவக முறை என்பது இது. இங்கே ஒருவர் கணக்கை மற்றவர் கெடுப்பதற்கு இடமில்லை. ஆனால் ‘உன் கடிதம் வந்த பிறகே என் கடிதத்தை அனுப்புவேன்’ என்று இரண்டு அலுவலகங்களும் காத்திருந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். இந்தக் கடிதப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் தரநிலையே எம்.பி.ஐ.; அதன் முதல் பதிப்பு 1994இல் வந்தது. ஒவ்வொரு அலுவலகத்தையும் பிராசஸ் என்பார்கள்.

ஏன் இரண்டும் வேண்டியதாயிற்று என்பதற்கு வரலாறே விடை. 1991இல் சி-டாக் உருவாக்கிய பரம் 8000 கணினியில், டிரான்ஸ்பியூட்டர் எனப்பட்ட செயலிகள் ஒவ்வொன்றும் தத்தம் நினைவகத்துடன் தனித்தனியே இருந்து, இணைப்புகள் வழியாகச் செய்தி பரிமாறிக்கொண்டன. அங்கே கடிதம் எழுதத் தெரிந்தால் போதும். பிற்பாடு ஒரு செயலியின் கடிகார வேகத்தை மேலும் மேலும் கூட்டுவது வெப்பத்தாலும் மின்செலவாலும் இயலாமல் போனபோது, ஒரே சில்லுக்குள் பல கோர்களை, அதாவது தனித்தனியே கணக்குப் போடவல்ல பகுதிகளை, வைக்கத் தொடங்கினார்கள். 2005ஆம் ஆண்டுவாக்கில் மேசைக் கணினிகளுக்கே இரட்டைக் கோர் வந்துவிட்டது. இன்று மீத்திறன் கணினியின் ஓர் அலகை, அதாவது ஒரு கணுவைத் திறந்து பார்த்தால், 48 அல்லது 64 அல்லது அதற்கும் மேற்பட்ட கோர்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே மட்டும் வலையமைப்பு உண்டு. தாலுகா அலுவலகங்கள் பல இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் ஒரே பேரேட்டைச் சுற்றி எழுத்தர்கள் பலரும் இருக்கிறார்கள். இயந்திரத்தின் இந்த அமைப்பை அப்படியே நிரலிலும் கொண்டுவருவதுதான் கலப்பு முறை: கணுக்களுக்கு இடையே எம்.பி.ஐ., கணுவுக்குள் ஓப்பன் எம்.பி.

இது புதிய சிந்தனையும் அன்று. 2002இல் ஜப்பானின் யோகோஹாமாவில் இயங்கத் தொடங்கிய எர்த் சிமுலேட்டர் 640 கணுக்களைக் கொண்டது. ஒவ்வொன்றிலும் 8 வெக்டர் செயலிகள் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணிப்பவை) ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டன. உலக வளிமண்டல மாதிரி ஒன்றை அதில் 26.58 டெராஃபிளாப்ஸ் வேகத்தில் ஓட்டிக் காட்டியதற்காக அதே ஆண்டு, மீத்திறன் கணிப்புச் சாதனைகளுக்கான கோர்டன் பெல் பரிசு வழங்கப்பட்டது. கணுக்களுக்கு இடையே செய்திப் பரிமாற்றம், கணுவுக்குள் பகிர்வு நினைவகம், செயலிக்குள் வெக்டர் என்று மூன்று அடுக்குகளையும் ஒருங்கே பயன்படுத்தி எழுதிய நிரல் அது.

ஜப்பானிலேயே கோபே நகரில் ரைக்கன் நிறுவனம் அமைத்த ஃபுகாகு கணினியைக் கொண்டு, கலப்பு முறையின் தேவையை எண்களாலேயே காட்டலாம். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலக வரிசையில் முதலிடம் பெற்ற அதில் 1,58,976 கணுக்கள் உள்ளன. கணு ஒன்றுக்கு 48 கணிப்புக் கோர்கள் என்ற கணக்கில் மொத்தம் 76,30,848 கோர்கள். எம்.பி.ஐ. ஒன்றை மட்டுமே நம்பி, கோருக்கு ஒரு பிராசஸ் என்று ஓட்டினால் 76 லட்சம் அலுவலகங்கள் திறக்க வேண்டும். எல்லாருடைய கணக்கையும் கூட்டி ஒரே தொகை காண வேண்டிய ஒவ்வொரு தருணத்திலும் 76 லட்சம் பேரும் அந்தப் பரிமாற்றத்தில் பங்கெடுக்க வேண்டும். அந்தக் கணுவின் 48 கோர்களும் 12, 12 ஆக நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் அருகிலேயே 8 ஜி.பி. நினைவகம் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே குழுவுக்கு ஒரு பிராசஸ், அதற்குள் 12 இழைகள் என்று அமைப்பதே அங்கே இயல்பான வழி. அப்போது பிராசஸ்களின் எண்ணிக்கை 6,35,904 ஆகக் குறைகிறது.

நினைவகக் கணக்கு இன்னும் கூர்மையானது. ஃபுகாகுவின் கணுவில் மொத்தம் 32 ஜி.பி. நினைவகம் உள்ளது, 48 பிராசஸ்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் 0.67 ஜி.பி.தான் கிடைக்கும். நிரலுக்கு அரை ஜி.பி. அளவுள்ள ஒரு மாறா அட்டவணை தேவை என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் நிரல்களில் இத்தகைய அட்டவணைகள் மிகச் சாதாரணம். ஒவ்வொரு பிராசஸும் தனக்கென்று ஒரு படி வைத்துக்கொண்டால் 24 ஜி.பி. அதற்கே போய்விடும், உண்மையான கணிப்புக்கு எஞ்சுவது 8 ஜி.பி. மட்டுமே. நான்கு பிராசஸ்கள், ஒவ்வொன்றிலும் 12 இழைகள் என்றால் அட்டவணைக்கு ஆவது 2 ஜி.பி.தான். ஒரே புத்தகத்தை 12 பேர் சுற்றி அமர்ந்து படிக்கலாம் என்னும்போது ஆளுக்கொரு படி அச்சடிப்பானேன்?

எல்லைப் பரிமாற்றத்தையும் பார்ப்போம். வானிலை, வெப்பப் பரவல், நீரோட்டம் போன்ற கணிப்புகளில் வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களைப் பிராசஸ்களுக்குப் பங்கிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் புதிய மதிப்பும் அண்டைக் கட்டங்களைச் சார்ந்தது என்பதால், பங்கின் ஓரத்தில் அண்டை அலுவலகத்தின் மதிப்புகளை ஓர் அடுக்காக நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 20 கட்டங்கள் கொண்ட ஒரு கனசதுரம் ஒரு பிராசஸின் பங்கு என்று கொள்வோம். அதன் உண்மைக் கட்டங்கள் 8,000. ஓர அடுக்கையும் சேர்த்தால் 22இன் கனம், அதாவது 10,648. உண்மைக் கட்டங்களுக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நகலுக்கென்றே கூடுதல் நினைவகம் செலவாகிறது. இப்படிப்பட்ட 8 பங்குகளைச் சேர்த்து 40 கட்டப் பக்கம் உள்ள ஒரே கனசதுரமாக்கி, ஒரு பிராசஸுக்குள் 8 இழைகளிடம் கொடுத்தால், 64,000 கட்டங்களுக்கு ஓரத்தோடு சேர்த்து 74,088 போதும். கூடுதல் செலவு 16 விழுக்காட்டுக்குள் அடங்குகிறது. தனித்தனியாக இருந்தபோது அந்த எட்டுப் பங்குகளும் அனுப்பிய செய்திகள் 48. அவற்றில் 24 தங்களுக்குள்ளேயே போய்வந்தவை. கலப்பு முறையில் அவை தேவையே இல்லாமல் மறைந்துவிடுகின்றன. வெளியே போகும் 24 சிறு செய்திகள் 6 பெரிய செய்திகளாக ஒன்றுசேர்கின்றன. அனுப்பப்படும் மொத்தத் தரவு அதேதான் என்றாலும், ஒவ்வொரு செய்திக்கும் தொடக்கத் தாமதம் என்று ஒன்று இருப்பதால், 24 அஞ்சலட்டைகளுக்குப் பதில் 6 கட்டுக் கடிதங்கள் அனுப்புவது வேகமானது.

இந்தக் கணக்கை ஒரு மாணவர் பத்து நிமிடங்களில் தாளில் போட்டுப் பார்க்கலாம். அப்படியும் நான் பார்த்த வினாத்தாள்களில் ஒன்றில்கூட இது கேட்கப்பட்டதில்லை. நான் நடத்திய பாடத்திட்டத்தில் ஓப்பன் எம்.பி. ஓர் அலகு, எம்.பி.ஐ. அடுத்த அலகு. முதலாவதில் கட்டளைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தார்கள். இரண்டாவதில் செய்தி அனுப்பும் செயற்கூறின் அளபுருக்களை வரிசை மாறாமல் எழுதினார்கள். இரண்டும் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டபோது, பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிக் கடந்துபோனேன். அந்த விடை இன்றும் என்னை உறுத்துகிறது. அதன் பிறகுதான் நானே உட்கார்ந்து அதைக் கற்றேன்.

கலப்பு முறை எப்போதும் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மாணவர்களைத் தவறான வழியில் அனுப்புவதாகும். 2000ஆம் ஆண்டிலேயே காப்பெல்லோ, எதியாம்பிள் என்ற இரு ஆய்வாளர்கள் ஐ.பி.எம். எஸ்.பி. கணினிகளில் நாசாவின் சோதனை நிரல்களை இரு வகையிலும் ஓட்டிப் பார்த்து, பெரும்பாலானவற்றில் எம்.பி.ஐ. மட்டும் கொண்ட வடிவமே முந்தியது என்று வெளியிட்டார்கள். காரணம் விளங்கக்கூடியதே. எம்.பி.ஐ. நிரலில் ஒவ்வொரு கோரும் தொடக்கம் முதல் முடிவு வரை தன் பங்கு வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. அதையே கலப்பு நிரலாக மாற்றும்போது பெரும்பாலோர் பெரிய மடக்குகளுக்கு (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைத் தொகுதிகளுக்கு) மேலே மட்டும் ஓப்பன் எம்.பி. கட்டளையை வைத்துவிட்டு, இடையிலுள்ள பகுதிகளை ஒற்றை இழையிடமே விட்டுவிடுகிறார்கள். பங்கிட முடியாத பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லையாகும் என்று 1967இல் ஆம்டால் சொன்ன விதி அங்கே தன் வேலையைக் காட்டும். ஒரு பிராசஸின் வேலையில் 10 விழுக்காடு ஒற்றை இழையில் நின்றுவிட்டால், 12 இழைகள் இருந்தும் கிடைக்கும் வேகம் 5.7 மடங்குதான். செய்தி அனுப்பும் நேரத்தில் முதன்மை இழை ஒன்று மட்டும் அலைய, மற்ற பதினொன்றும் கைகட்டி நிற்பதும் இந்த இழப்பில் அடங்கும். எனவே எந்த நிரலுக்கு, எந்தக் கணினியில், எத்தனை பிராசஸ், எத்தனை இழை என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அளந்து பார்க்கும் அந்தப் பழக்கத்தைத்தான் நம் ஆய்வகங்கள் கொடுக்கத் தவறுகின்றன.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் நிரல் ஒன்றை எழுதிய முதுநிலை மாணவி ஒருவருக்கு நான் வழிகாட்டியாக இருந்தேன். 24 கோர்கள் கொண்ட இரு செயலிகள் ஒவ்வொரு கணுவிலும் இருந்தன. 48 எம்.பி.ஐ. பிராசஸ்களாக ஓட்டியபோது நிரல் நன்றாக ஓடியது. செயலிக்கு ஒன்றாக 2 பிராசஸ்கள், ஒவ்வொன்றிலும் 24 இழைகள் என்று மாற்றியவுடன் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாகிவிட்டது. கலப்பு முறை பயனற்றது என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாமா என்று கேட்டார். எழுதுவதற்கு முன், கணுவுக்குள் நுழைந்து எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 48 கோர்களில் இரண்டு மட்டும் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சிய 46 சும்மா இருந்தன. பிராசஸ் ஒன்றுக்கு எத்தனை கோர் வேண்டும் என்று, நிரலை ஓட்டக் கணினிக்குக் கொடுக்கும் வேலைச் சீட்டில் எழுத அவர் மறந்திருந்தார். எழுதாவிட்டால் ஒதுக்கப்படுவது ஒன்று. ஆக 24 எழுத்தர்களையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். ஒரு வரியைச் சேர்த்தவுடன் வேகம் திரும்பியது.

அத்துடன் முடியவில்லை. அடுத்து 1 பிராசஸ், 48 இழைகள் என்று சோதித்தார், மீண்டும் மெதுவானது. இந்த முறை எல்லாக் கோர்களும் ஓடிக்கொண்டிருந்தன. குறை வேறிடத்தில் இருந்தது. ஒரே கணுவுக்குள் இருக்கும் நினைவகமும் உண்மையில் இரண்டு துண்டுகள். ஒவ்வொரு செயலிக்கும் ஒன்று அருகிலும் மற்றது தொலைவிலும் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நினைவகப் பக்கத்தை எந்த இழை முதலில் தொடுகிறதோ, அந்த இழை ஓடும் செயலியின் அருகிலேயே அந்தப் பக்கம் அமைக்கப்படுவது வழக்கம். அவருடைய நிரலில் அணிகளுக்கு (எண் வரிசைகளுக்கு) தொடக்க மதிப்பாகப் பூஜ்யம் இட்டது முதன்மை இழை ஒன்றுதான். அதனால் தரவு முழுவதும் முதல் செயலியின் பக்கமே குவிந்துவிட்டது. இரண்டாம் செயலியின் 24 இழைகளும் ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போய்வந்தன. பூஜ்யம் இடும் மடக்கையும் இழைகளுக்குப் பங்கிட்டவுடன் அந்தக் குறை நீங்கியது. கடைசியில் அவர் கண்டறிந்தது இது: ஒரே கணுவில் ஓட்டும்போது எம்.பி.ஐ. வடிவமே சற்று முந்தியது; 16 கணுக்களுக்கு விரித்தபோது 4 பிராசஸ், 12 இழை என்ற கலப்பு வடிவம் முந்தியது. இரண்டையும் அவர் ஆய்வேட்டில் எழுதினார். என் பணிக்காலத்தில் நான் பார்த்த நேர்மையான ஆய்வேடுகளில் அது ஒன்று.

இவை எவையும் ஓப்பன் எம்.பி. அலகிலும் இல்லை, எம்.பி.ஐ. அலகிலும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் மட்டுமே தோன்றும் அறிவு இது. இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் எழுத்தர்கள் பலர் இருக்கும்போது, வெளியூர்க் கடிதத்தை யார் எழுதலாம் என்பதற்கு விதி வேண்டும். எம்.பி.ஐ.யின் இரண்டாம் பதிப்பு இதற்கு நான்கு நிலைகளை வகுத்தது. ஒரே எழுத்தர்தான் இருக்கிறார் என்பது முதல் நிலை. பலர் இருந்தாலும் தலைமை எழுத்தர் மட்டுமே கடிதம் எழுதுவார் என்பது இரண்டாவது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பது மூன்றாவது. யாரும் எப்போதும் எழுதலாம் என்பது நான்காவது. நிரல் தொடங்கும்போது நமக்கு வேண்டிய நிலையைக் கேட்க வேண்டும். கேட்டதைவிடக் குறைந்த நிலையை மென்பொருள் தரக்கூடும் என்பதால், கிடைத்தது எது என்று சரிபார்க்கவும் வேண்டும். சரிபார்க்காமல் விட்டால், பல நாள் ஒழுங்காக ஓடிய நிரல் ஒரு நாள் காரணம் தெரியாமல் நின்றுவிடும். மாணவர்கள் எழுதிய கலப்பு நிரல்களில் நான் அடிக்கடி கண்ட பிழை, பழைய வகைத் தொடக்கக் கட்டளையையே எழுதி, இந்த நிலையைக் கேட்காமலேயே விட்டுவிடுவது.

நல்ல வழிகாட்டி நிரல்கள் இல்லாமலும் இல்லை. வானிலை ஆய்வாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூலநிரல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவும்போதே பகிர்வு நினைவகம் மட்டுமா, பரவல் நினைவகம் மட்டுமா, இரண்டும் சேர்ந்தா என்று தேர்ந்துகொள்ளலாம். கணிக்க வேண்டிய நிலப்பரப்பைப் பேட்ச் எனப்படும் பெரிய துண்டுகளாகப் பிரித்துப் பிராசஸ்களுக்கும், ஒவ்வொரு பேட்சையும் டைல் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்து இழைகளுக்கும் அது கொடுக்கிறது. இரு அடுக்குப் பங்கீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. வங்கக் கடலில் உருவாகும் ஒரு புயலின் பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நடத்தினால், நம் கடலோர மாவட்ட மாணவர்கள் யாரும் அந்த வகுப்பில் தூங்க மாட்டார்கள்.

இழைகளே வேண்டாம், எம்.பி.ஐ.யைக் கொண்டே நினைவகத்தையும் பகிரலாம் என்ற கருத்தும் உண்டு. 2012இல் வந்த எம்.பி.ஐ. மூன்றாம் பதிப்பு, ஒரே கணுவில் உள்ள பிராசஸ்கள் ஒரு நினைவகப் பகுதியைப் பொதுவாக வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. நான் மேலே சொன்ன அட்டவணைச் சிக்கலுக்கு மட்டும் தீர்வு வேண்டுமென்றால் அதுவே போதும். கிராபிக்ஸ் செயலிகளைச் சேர்த்தால் மூன்றாவது ஓர் அடுக்கும் வந்துவிடுகிறது. அதை இக்கடிதத்தில் தொடவில்லை. முதல் இரண்டு அடுக்குகளைச் சேர்க்கத் தெரிந்தவருக்கு மூன்றாவது கடினமாக இராது.

வேகத்தைப் பற்றி நாம் வெளியிடும் எண்களைப் பற்றியும் ஒரு சொல். ஃபுகாகு உலக வரிசைக்கான லின்பேக் சோதனையில் எட்டியது 442 பெட்டாஃபிளாப்ஸ். அறிவியல் நிரல்களின் நடப்பை அதிகம் ஒத்திருக்கும் எச்.பி.சி.ஜி. சோதனையில் அதே கணினி எட்டியது 16 பெட்டாஃபிளாப்ஸ்; நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்தச் சோதனையிலும் அப்போது உலகில் முதலிடம் அதற்கே. நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வேகமே அங்கே எல்லையாக இருக்கிறது. தரவு எங்கே இருக்கிறது, யார் அருகில் இருக்கிறது, எத்தனை முறை நகர்கிறது என்பதையே மையமாகக் கொண்ட கலப்பு முறைப் பயிற்சி ஏன் தேவை என்பதற்கு இந்த இரண்டு எண்களுமே சான்று.

பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. புதிய பாடம் தேவையில்லை. இருக்கும் இரண்டு அலகுகளுக்கும் பிறகு ஒரே ஓர் ஆய்வகப் பயிற்சியைச் சேர்த்தால் போதும். ஓர் உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணிக்கும் நிரலை மாணவர் முதலில் ஓப்பன் எம்.பி.யிலும், பிறகு எம்.பி.ஐ.யிலும், இறுதியில் இரண்டையும் சேர்த்தும் எழுதட்டும். 48 கோர்கள் இருந்தால் 48 பிராசஸுக்கு 1 இழை, 8க்கு 6, 4க்கு 12, 2க்கு 24, 1க்கு 48 என்று பல சேர்க்கைகளிலும் ஓட்டி நேரத்தைக் குறிக்கட்டும். மதிப்பெண்ணை வேகத்துக்குக் கொடுக்க வேண்டாம். எந்தச் சேர்க்கை ஏன் வேகமானது என்று மாணவர் எழுதும் விளக்கத்துக்குக் கொடுக்கலாம்.

இதற்கு மீத்திறன் கணினிகூட வேண்டியதில்லை. எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் உள்ள நான்கு கோர் மேசைக் கணினிகள் ஆறும், அவற்றை இணைக்கும் ஒரு வலையமைப்புச் சுவிட்சும் போதும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் ஜி.சி.சி. தொகுப்பியில் ஓப்பன் எம்.பி. வசதி 2007 முதலே இருக்கிறது, எம்.பி.ஐ.க்கான எம்பிச், ஓப்பன் எம்.பி.ஐ. என்னும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அத்தகைய ஆறு கணினிகளில் நான் இந்தப் பயிற்சியை நடத்தியிருக்கிறேன். வலையமைப்பு மெதுவானது என்பதால் செய்திகளைக் குறைப்பதன் பலன் அங்கே மாணவர்களுக்கு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

தேசியத் திட்டத்தின்கீழ்க் கணினி நிறுவப்பட்டுள்ள நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் சில மணி நேரத்தையும் சில கணுக்களையும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் இளநிலை மாணவர்களுக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். ஆறு மேசைக் கணினிகளில் பழகிய நிரலை 16 கணுக்களில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் மாணவர் கற்பதை எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாது. ஆய்வு மாணவர்களின் வேலைகள் வரிசையில் காத்திருக்கின்றன என்பதை அறிவேன். நான் கேட்பது ஒரு பயிற்சிக்குச் சில நிமிடங்கள் மட்டுமே.

தங்கள் நாளிதழும் அடுத்த முறை இத்தகைய கணினி ஒன்று திறக்கப்படும் செய்தியை வெளியிடும்போது, அதில் எந்த நிரல்கள் ஓடுகின்றன, அவற்றை எழுதுபவர்கள் யார், மாணவர்களுக்கு அதில் இடம் உண்டா என்று அந்நிறுவனத்தாரிடம் கேட்டு அதையும் வெளியிட வேண்டுகிறேன். மேலே சொன்ன வெப்பப் பரவல் பயிற்சியை, நிரல்களோடும் தமிழ் விளக்கத்தோடும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் ஆசிரியர்களுக்குத் தங்கள் அலுவலகத்தின் வழியாக அனுப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற கணினி அறிவியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.